விதைக்கு ஆகாத ஊட்டிக் கிழங்கு

நீலகிரியில் விளைந்த உருளைக்கிழங்கைச் சென்னையில் வாங்கிப் பொரியல் செய்யலாம், பெங்களூருவில் போண்டா போடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அதையே விதைக்கென்று மூட்டை கட்டி மலையை விட்டு இறக்கத்தான் கூடாது. 1971-ல் தமிழக அரசு போட்ட தடை அது. பூச்சிகளையும் பயிர் நோய்களையும் தடுக்க வெள்ளைக்காரர் காலத்தில், 1914-ல், வந்த சட்டத்தின் கீழ் போடப்பட்டது. மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிக் கிழங்குக்கு எப்போதும் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பு சமையலறை வரை செல்லும். அடுத்தவர் வயலுக்குள் செல்லாது.

காரணம், கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத ஒரு நூற்புழு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதால் நீலகிரி விவசாயி இழந்தது என்ன, உலகம் பெற்றது என்ன, பதிலுக்கு உலகம் நீலகிரிக்குக் கொடுத்தது என்ன என்று பார்த்தால், பயிர்ப் பூச்சிகளைப் பற்றி நாடுகள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதும், எங்கே இடறுகிறது என்பதும் விளங்கும்.

நீலகிரியில் குந்தா வட்டத்தின் தலைமையிடமான மஞ்சூரைச் சுற்றி இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான். ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாக அந்தப் பக்கம் போகிறவர்கள் வழியில் கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு பயிரிட்ட சரிவுகளைப் பார்க்கலாம். மஞ்சூரை நெருங்க நெருங்க அவை குறைந்து தேயிலை மூடிக்கொள்ளும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலைமை வேறு. ஹட்டி எனப்படும் ஊர்களில் வாழ்ந்த படுகர் குடும்பங்கள் பலவற்றுக்கு உருளைக்கிழங்குதான் கையில் காசு கொடுத்த பயிர். நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று ஆண்டுக்கு மூன்று போகம். ஒரு போகத்துக் கிழங்கில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த போகத்துக்கு விதையாக்குவது வழக்கம். விதை கொடுக்கல் வாங்கல் ஊருக்கு ஊர் நடந்தது. புழுவுக்கு அது வசதியாகிப்போனது.

1961-ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்து நூற்புழுவியலாளர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ், ஊட்டி விஜயநகரம் பண்ணையில் உருளைக்கிழங்குச் செடிகளின் வேரில் அதைப் பார்த்தார். இந்தியாவில் அந்தப் புழு பதிவானது அதுவே முதல் முறை. ஐரோப்பாவில் அது பழைய எதிரி என்பதால் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

தமிழில் இதைத் தங்க நூற்புழு என்றும் முட்டைக்கூட்டு நூற்புழு என்றும் சொல்கிறார்கள். இரண்டு பெயருக்கும் காரணம் உண்டு. பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி உருண்டு திரள்கிறது. முதலில் வெள்ளை, பிறகு தங்க நிறம். செத்த பிறகு அதன் உடலே பழுப்பு நிறத்தில் கெட்டியான கூடாகிவிடும். அரை மில்லிமீட்டர் அளவுள்ள அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள். உருளைக்கிழங்கு இல்லாத நிலத்தில் அவை இருபது ஆண்டுகளுக்கு மேலும் பொறுத்திருக்கும். மறுபடி யாராவது கிழங்கு நட்டு, அதன் வேரிலிருந்து கசியும் வேதிப்பொருள் மண்ணில் பரவியதும் முட்டை பொரிந்து புழு வேரைத் தேடி வரும்.

வயலில் பார்த்தால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடி குட்டையாக நிற்கும், பகலில் வாடும், இலை மஞ்சளாகும். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று விவசாயி நினைத்துக்கொள்வார். கிழங்கு சிறுத்துப்போய், விளைச்சல் ஆண்டுக்காண்டு இறங்கிய பிறகுதான் சந்தேகம் வரும். அதற்குள் விதைக்கிழங்கில் ஒட்டிய மண், சாக்கு, மண்வெட்டி, செருப்பு என்று எதிலாவது ஏறிப் புழு பக்கத்து வயலுக்குப் போயிருக்கும். தானாக மண்ணில் அது நகரும் தூரம் மிகக் குறைவு. நெடுந்தூரம் சுமந்து போவதெல்லாம் மனிதன்தான்.

அப்படித்தான் அது உலகையே சுற்றி வந்தது. புழுவின் பிறப்பிடம், உருளைக்கிழங்கைப் போலவே, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. 1840-களில் அயர்லாந்தில் பின்கருகல் நோயால் உருளைக்கிழங்கு அழிந்து பஞ்சம் வந்தது. நோய் தாங்கும் புது ரகங்களைத் தேடி ஐரோப்பியர்கள் ஆண்டீஸிலிருந்து கிழங்குகளைக் கொண்டுவந்தபோது புழுவும் கூடவே கப்பலேறியது என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஒப்பும் கருத்து. 1923-ல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்தை வைத்து அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். 1941-ல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் தென்பட்டது. நியூயார்க் மாநிலம் அதைத் தன் எல்லைக்குள் கட்டிப்போட இன்றளவும் தடைக்காப்பு நடத்திவருகிறது. நம் ஊட்டி, 1961.

இப்படிப் பரவும் எதிரியைத் தனி நாடு தடுக்க முடியாது என்ற புத்தி உலகத்துக்குப் பட்டுத்தான் வந்தது. 1869-ல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. அங்கிருந்து அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்து அது புதியதொரு பூஞ்சை என்று அறிவித்தார்கள். அறிவித்து என்ன பயன்? கேட்டு நடவடிக்கை எடுக்க ஓர் ஏற்பாடும் அப்போது இல்லை. சீக்கிரமே நோய் தென்னிந்தியாவுக்கும் வந்தது. இலங்கை காப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறியது. ஐரோப்பாவிலோ திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்ற ஒரு பூச்சி பிரான்சின் ஒயின் தொழிலைச் சாய்த்தது. அதன் விளைவாக 1878-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சில நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அந்த வழியில் 1951-ல் உருவானதுதான் பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை. ரோமில் உள்ள ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் அதை நடத்துகிறது. இந்தியா தொடக்க காலம் முதல் உறுப்பு நாடு. இன்று நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

உடன்படிக்கையின் முக்கியமான கடமைகளில் ஒன்று, புதிதாக ஒரு பூச்சியோ நோயோ வந்தாலும், பரவினாலும், திடீரென்று பெருகினாலும் மற்ற நாடுகளுக்குத் தாமதமின்றிச் சொல்லிவிட வேண்டும் என்பது. ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென்று ஓர் அதிகாரபூர்வ அமைப்பு உண்டு. நமக்கு அது ஃபரிதாபாத்தில் இருக்கும் மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு, தடைக்காப்பு மற்றும் சேமிப்பு இயக்ககம். என்ன பூச்சி, எந்தப் பயிரில், எந்த ஊரில், எவ்வளவு பரப்பில், என்ன செய்கிறோம் என்பதெல்லாம் அறிக்கையில் வர வேண்டும் என்று 2002-ல் வந்த பன்னாட்டு விதிமுறை சொல்கிறது.

விதி எளிது. நாடுகள் தயங்குவதற்குக் காரணமும் எளிது: சொன்ன மறுநாளே சந்தை மூடும். 2006-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் தங்க நூற்புழுவின் நெருங்கிய உறவான வெளிர் நூற்புழு கிடைத்ததும் ஜப்பான் அமெரிக்கக் கிழங்கை நிறுத்தியது. கனடாவும் மெக்சிகோவும் ஐடஹோ கிழங்குக்குக் கட்டுப்பாடு போட்டன. மண்ணை எடுத்துச் சோதித்து, புழு இருக்கும் நிலங்கள் இவை, மற்றவை சுத்தம் என்று காட்டிய பிறகுதான் தடை படிப்படியாகச் சுருங்கியது.

இந்த இடத்தில்தான் நீலகிரியின் 1971 தடைக்கு வேறொரு அர்த்தம் கிடைக்கிறது. ஒரு நாட்டின் ஏதோ ஒரு மூலையில் பூச்சி இருந்தால் நாடு முழுவதையும் ஒதுக்கத் தேவையில்லை. பூச்சி இல்லாத பகுதியைத் தனியாக நிரூபித்தால் அதை ஏற்க வேண்டும் என்கின்றன இன்றைய உலக வர்த்தக விதிகள். அந்த விதிகள் 1995-ல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நீலகிரியை வேலி போட்டு அடைத்தாயிற்று. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் விதைக்கிழங்கு விளைவித்தவர்கள் தங்கள் மண்ணில் இந்தப் புழு இல்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்ததற்கு நீலகிரி விவசாயியின் இழப்பும் ஒரு காரணம். அதற்கு அவருக்கு யாரும் வாடகை கொடுக்கவில்லை.

அவருக்குக் கிடைத்தது முதலில் மருந்துதான். மண்ணில் புகை மருந்து செலுத்தினார்கள். பிறகு குருணை மருந்து வந்தது. கார்போஃபியூரான் குருணையை நடும்போதே சாலில் போட்டார்கள். புழு குறையும், அழியாது. அடுத்த போகத்துக்கு மறுபடி போட வேண்டும். கார்போஃபியூரான் பறவைகளுக்கும் மீன்களுக்கும் கொடிய நஞ்சு. குந்தா சரிவுகளில் பெய்யும் மழை குந்தா ஆற்றில் இறங்கி, பவானியில் கலந்து, பில்லூர் அணைக்குப் போகிறது. கோவைக்குக் குடிநீர் அங்கிருந்து வருகிறது. மலையில் ஒருவர் கை நிறைய அள்ளிப் போடும் மருந்து அவர் வயலோடு நிற்கும் சமாச்சாரம் இல்லை.

மருந்து விஷயத்திலும் உலகம் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. 1998-ல் கையெழுத்தான ரோட்டர்டாம் உடன்படிக்கை அது. ஒரு நாடு ஆபத்து கருதி ஒரு மருந்தைத் தடை செய்தால் அதை மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும். பட்டியலில் ஏறிய மருந்தை வாங்கும் நாட்டின் சம்மதம் கேட்காமல் ஏற்றுமதி செய்யக் கூடாது. 2017-ல் கார்போஃபியூரான் அந்தப் பட்டியலில் ஏறியது. 2023-ல் இந்திய அரசு, 3 சதவீத உறையிட்ட குருணை ஒன்றைத் தவிர, அதன் மற்ற வடிவங்கள் அனைத்தையும் தடை செய்தது.

நிலைத்த பலன் வேறு வழியில் வந்தது. ஊட்டியை அடுத்த முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957 முதல் இயங்குகிறது. புழு எங்கிருந்து வந்ததோ அதே ஆண்டீஸ் மலைப்பகுதியின் காட்டு இனங்களிலும் நாட்டு ரகங்களிலும் அதை எதிர்க்கும் குணம் உண்டு என்று 1950-களிலேயே பிரிட்டனில் கண்டிருந்தார்கள். அந்தக் குணத்தை இனச்சேர்க்கையால் நம் ரகங்களில் ஏற்றும் வேலை நடந்தது. 1985-ல் குஃப்ரி ஸ்வர்ணா வெளியானது. தங்க நூற்புழு, வெளிர் நூற்புழு இரண்டையும் எதிர்த்து நிற்கும் ரகம். பின்னாளில் குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகியவையும் வந்தன. எதிர்ப்பு ரகத்தின் வேரும் கசியும், முட்டையும் பொரியும். வெளியே வந்த புழு அந்த வேரில் உணவு பெற்று வளர முடியாமல் செத்துவிடும். ஒரு போகம் எதிர்ப்பு ரகம், அடுத்து கேரட், முட்டைக்கோஸ், பூண்டு, பீன்ஸ் என்று மாற்றிப் போட்டால் மண்ணில் புழு சுமை இறங்கும். உருளையும் அதன் குடும்பத்துத் தக்காளி, கத்தரி போன்றவையும் தவிர வேறெதையும் இந்தப் புழு தொடாது. அதன் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்த மருந்துச் செலவே இல்லை.

ஆனால் மஞ்சூர்ப் பக்கம் பலர் அதற்குக் காத்திருக்கவில்லை. நூற்புழு, பின்கருகல், ஏறி இறங்கும் விலை எல்லாம் சேர்ந்து அலுப்பைத் தந்த காலத்தில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்தன. குந்தாவின் கூட்டுறவுத் தொழிற்சாலை மாவட்டத்தின் மூத்தவற்றுள் ஒன்று. இலை பறித்துக் கொடுத்தால் மாதம் தவறாமல் பணம் என்பது பெரிய ஈர்ப்பு. கிழங்கு நிலம் தேயிலை நிலமாயிற்று.

தேயிலைக்குத் தன் பங்குத் தொல்லை உண்டு. 1946-ல் கொப்புள நோய் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்தது. அதே ஆண்டு இலங்கையிலும் தென்பட்டது. சிவப்புச் சிலந்தி, தேயிலைக் கொசு ஆகியவை வேறு. இவற்றுக்கு அடிக்கும் மருந்தின் எச்சம் கோப்பைக்குள் போகாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. இந்திய தேயிலை வாரியம் எந்த மருந்தை அடிக்கலாம் என்று வரையறுத்துத் தாவரப் பாதுகாப்பு விதித்தொகுப்பை 2014-ல் கொண்டுவந்தது. சிறு விவசாயிகளின் இலை தொழிற்சாலையில் ஒன்றாகக் கொட்டப்படுகிறது. ஒருவர் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பட்டியலில் இல்லாததை அடித்தாலும், மருந்தடித்துக் குறித்த நாள் கழியுமுன் கொழுந்து பறித்தாலும் நூறு பேர் இலையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். கிழங்கில் ஒரு வயலின் புழு மலை முழுவதையும் அடைத்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

சொன்னவனுக்கு நட்டம் மட்டும்தானா என்றால், இல்லை. சீக்கிரம் சொன்னவர்களுக்கு உலகம் திருப்பிக் கொடுத்த கணக்கும் உண்டு. முதல் உதாரணம் நீலகிரியிலேயே இருக்கிறது. 1920-களில் இங்குள்ள சீகை மரங்களில் பஞ்சு போல அப்பும் ஆஸ்திரேலியச் செதில் பூச்சி பரவியது. மருந்தைத் தேடுவதற்குப் பதில் மதராஸ் மாகாண வேளாண் துறை அதைத் தின்னும் பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. 1888-89-ல் கலிபோர்னியா அதே வண்டை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய்த் தன் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றியிருந்தது. அந்த அனுபவம் நமக்கு உதவியது.

அடுத்தது மலைக்குக் கீழே. 2008 ஜூலையில் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ அதன் தாயகம். பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று ஈரோடு, திருப்பூர், சேலம் வரை மேய்ந்தது. விவசாயிகள் மருந்து மேல் மருந்தாக அடித்தார்கள். மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் பூச்சிக்கு அது உறைக்கவில்லை, அதைத் தின்னும் பூச்சிகள்தான் செத்தன. அதே ஆண்டு இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் இது பதிவானது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஆர். முனியப்பன் இந்த நாடுகளின் ஆய்வாளர்களை இணைத்தவர்களில் முக்கியமானவர். 2010-ல் அமெரிக்க வேளாண் துறை போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்த ஒட்டுண்ணிக் குளவிகளை பெங்களூருவுக்கு அனுப்பியது. அங்கே தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு அக்டோபர் முதல் தமிழகத்து வயல்களில் விட்டார்கள். அசெரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு குளவி சில மாதங்களிலேயே மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது.

பத்தாண்டு கழித்து அதே பாதை மறுபடி திறந்தது. 2020-ல் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி கிடைத்தது. தமிழகத்துக்கும் வந்து சேலம், நாமக்கல் ஜவ்வரிசித் தொழிலை மிரட்டியது. ஆப்பிரிக்கா இதே பூச்சியால் 1970-களில் தவித்தது. 1981-ல் பராகுவேயில் கண்டெடுத்த குளவி ஒன்று அந்தக் கண்டத்தின் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-ல் வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். பராகுவேயில் பிறந்து, ஆப்பிரிக்காவில் பெயரெடுத்து, சேலத்தில் வேலைக்குச் சேர்ந்த குளவி.

இவை நடந்ததற்குக் காரணம், பூச்சியின் சரியான பெயரை ஆய்வாளர்கள் காலத்தோடு கண்டு வெளியே சொன்னதுதான். பெயர் தெரிந்தால்தான் தாயகம் தெரியும். தாயகம் தெரிந்தால்தான் அங்கே அதன் இயற்கை எதிரியைத் தேடலாம்.

தாமதத்தின் விலை என்ன என்பதை இமாலயம் காட்டுகிறது. நூற்புழு என்றால் நீலகிரி, கொடைக்கானல், மூணாறு மலைகள் என்றே நாடு நெடுங்காலம் நம்பியிருந்தது. நாட்டின் விதைக்கிழங்கு ஊற்றான இமாச்சலப் பிரதேசத்திலும், உத்தராகண்ட், ஜம்மு-காஷ்மீரிலும் அது இருப்பது ஆய்வுகளில் தெரிந்து, 2018-ல் மத்திய அரசு அந்த மாநிலங்களின் விதைக்கிழங்கு வெளியே போகத் தடை விதித்தது. நீலகிரி 1971-ல் பட்ட அடியை இமாச்சலத்தின் குஃப்ரி மலை விவசாயிகள் நாற்பத்தேழு ஆண்டு கழித்துப் பட்டார்கள். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், விதைக்கிழங்கைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் நனைத்து ஒட்டியிருக்கும் முட்டைக்கூடுகளை அழிக்கும் முறையைப் பிறகு உருவாக்கியது.

இப்போது தகவல் சேர்க்கும் வழிகள் பெருகியிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. வயலில் பூச்சியைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் செயற்கை நுண்ணறிவு அடையாளம் சொல்லும். ஆனால் நூற்புழு படத்தில் விழாது. வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், மண்ணை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் யோசிப்பார். சோதனையில் புழு இருப்பதாக வந்தால் விதை விற்க முடியாது. நிலத்தின் மதிப்பும் விழலாம். நமது பயிர்க் காப்பீடு விளைச்சல் இழப்பைக் கணக்கிடும். தடைக்காப்பால் சந்தை போன இழப்பை அது கணக்கில் எடுப்பதில்லை.

ஆஸ்திரேலியா இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 2005 முதல் அங்கே மத்திய அரசும் மாநில அரசுகளும் விவசாயச் சங்கங்களும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. புதிய பூச்சியை ஒழிக்க ஒரு விவசாயியின் பயிரை அழிக்க நேர்ந்தால் அவருக்கு ஈடு கொடுக்கப்படும். செலவை அரசும் அந்தப் பயிர்த் தொழிலும் பகிர்ந்துகொள்ளும். முதலில் சொன்னவர் நட்டப்படாமல் பார்த்துக்கொள்வது ஒப்பந்தத்தின் நோக்கங்களில் ஒன்று.

இந்தியாவில் இன்றும் அடிப்படைச் சட்டம் 1914-ன் சட்டம்தான். அதற்குப் பதிலாக வேளாண் உயிர்ப்பாதுகாப்பு மசோதா 2013-ல் மக்களவைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவை கலைந்தபோது காலாவதியானது. புதிய மசோதா எழுதப்படுமானால், பூச்சியை மறைப்பவருக்கு என்ன தண்டனை என்ற பிரிவோடு, அதைக் கொண்டுவந்து காட்டுகிற விவசாயிக்கு என்ன ஈடு என்ற பிரிவும் தேவைப்படும். அந்தப் பிரிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீலகிரியும் இமாச்சலமும் ஏற்கெனவே செலவு செய்து பார்த்துவிட்டன.